பொன்னுத்தாய் சித்தியின் உள்ளங்கை

எதையாவது தொடுவதற்கு முன்னால் பொன்னுத்தாய் சித்தி வலதுகை ஆள்காட்டி விரலின் நுனியை நாக்கில் ஒற்றிப் பார்ப்பாள். கண்ணைக் கசக்க வேண்டுமென்றாலும், சோறு பிசைய வேண்டுமென்றாலும், மகளுக்குத் தலை பின்ன வேண்டுமென்றாலும் முதலில் அதுதான். நாக்கில் உறைப்புத் தெரிந்தால் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு வேறு யாரையாவது கூப்பிடுவாள். நான் அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து, காலேஜ் முடித்து வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு அலைந்த காலம் வரை இதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பழக்கம் தனக்கு இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஒருமுறை கேட்டதற்கு, "நானா? எப்பலே? போலே" என்று சொல்லிவிட்டு, சொன்ன கையோடு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. எங்கள் ஊர் பரளச்சிக்குக் கிழக்கே, பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் நடக்க வேண்டும். வீரணன் சித்தப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரிக் கரிசலும் இருபது ஆடுகளும் இருந்தன. மழை பெய்தால் நிலம் கொடுக்கும், பெய்யாவிட்டால் ஆடு கொடுக்கும், இரண்டும் கைவிட்ட வருஷங்களில் சித்திதான் கொடுத்தாள். தை பிறந்ததும் அருப்புக்கோட்டையில் ஒரு வத்தல் கமிஷன் கடைக்குக் காம்பு கிள்ளப் போவாள். குடோனில் கொட்டிக் கிடக்கும் மிளகாய் வத்தலைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தால் காம்பை ஒடித்து ஒதுக்கிக்கொண்டே இருப்பார்கள். எடை போட்டுக் கூலி.

சாயங்காலம் அவர்கள் ஏறினால் பஸ்ஸே தும்மும்.

"வத்தல்கடைக் கோஷ்டி எல்லாம் பின்னால போங்கம்மா. டிரைவர் அண்ணன் தும்முனாருன்னா பஸ்ஸு கம்மாய்க்குள்ள போயித்தான் நிக்கும்" என்பார் கண்டக்டர்.

"கம்மாயில தண்ணி கிடந்தாத்தானய்யா பயப்படணும்? கவுத்துங்க. எந்திரிச்சு நடந்து வந்துர்றோம்" என்பாள் சித்தி.

அவளுடைய கைகள் எப்போது வெடிக்கத் தொடங்கின என்று யாருக்கும் தெரியாது. ஊர்க் கிணற்றில் உப்புத் தண்ணீர். மார்கழி, தை மாதங்களில் காற்று தோலில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும். அதற்கு மேல் நாள் முழுக்க வத்தல். கட்டைவிரலின் அடிக்கணுவிலும் உள்ளங்கையின் குறுக்கிலும் தோல் தடித்து, பிளந்து, பிளவின் ஓரங்கள் சேலை நூலை இழுக்கும் அளவுக்குக் கெட்டியாகியிருந்தன. ஒரு பிளவுக்குள் அரிசிமணியை நிற்க வைக்கலாம். சித்தப்பா ஒருநாள் நிஜமாகவே நிற்க வைத்துக் காட்டி, அன்று ராத்திரிச் சோற்றை அவரே போட்டுச் சாப்பிட்டார்.

பல வருஷம் அந்தக் கைகளை அவள் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்த வைத்தது 1990-ஆம் வருஷம் தை மாதத்தில் நடந்த வளைகாப்பு.

மகள் சரஸ்வதியைத் திருச்சுழியில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை காளிராஜுக்கு அங்கே பலசரக்குக் கடை. அவர்கள் வீட்டில்தான் வளைகாப்பு. கூட்டத்தில் சித்தி முதல் ஆளாக எழுந்து, சந்தனத்தை எடுத்து மகளின் இரண்டு கன்னத்திலும் தடவினாள். தடவியதும் சரஸ்வதி "ஸ்ஸ்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சந்தனத்துக்குக் கீழே கன்னத்தில் மெல்லிய கீறல் இரண்டு. கொஞ்ச நேரத்தில் கன்னம் காந்துகிறது என்று எழுந்துபோய் முகம் கழுவினாள்.

சம்பந்தியம்மாள் கனகலட்சுமி இதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். சாப்பாடு முடிந்து சித்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து, "கையக் காட்டுங்க மதினி" என்றாள். சித்தி காட்டினாள். அந்த அம்மாள் பதறவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. அதுதான் சித்தியை அதிகம் குத்தியது என்று நினைக்கிறேன்.

"குறையாச் சொல்றேன்னு நினைக்காதீக. பச்சப்பிள்ளத் தோலு வெங்காயத் தோலு மாதிரி. எண்ணெ தேய்க்கணும், கால்ல போட்டுக் குளிப்பாட்டணும். நீங்க சரின்னா பிரசவத்த இங்கயே வச்சுக்கிருவோம்."

தலைப்பிரசவத்துக்கு மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருவதும், பிறந்த பிள்ளையைத் தாயைப் பெற்றவள் தன் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதும் எங்கள் பக்கத்து வழக்கம். சித்திக்கு இருப்பது ஒரே மகள். அவளுக்கு இதைவிட்டால் வேறு வாய்ப்பில்லை.

"ரெண்டு மாசம் கிடக்குல்ல மதினி. கைய நான் சரிபண்ணிர்றேன்" என்றாள்.

அன்று திரும்பி வரும் பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து சீட்டுக்காரியிடம் கையை நீட்டி, "இதுக்கு என்ன போடலாம்?" என்றாள். அந்தப் பெண் விளக்கெண்ணெய் என்றாள். முன்சீட்டிலிருந்த வீரசோழன் சந்தை வியாபாரி, விளக்கெண்ணெய் பிசுபிசுக்கும், பசு வெண்ணெய்தான் சரி என்றார். கண்டக்டர் தன் பங்குக்கு வாழைப்பழத் தோலைச் சொன்னார். பரளச்சியில் இறங்குவதற்குள் ஏழு வைத்தியம் சேர்ந்துவிட்டது. ஏழையும் அந்த வாரத்திலேயே செய்து பார்த்தாள்.

அதுதான் அவளிடம் இருந்த கோளாறு. எந்த வைத்தியத்துக்கும் மூன்று நாள் பொறுக்கமாட்டாள். காலையில் அரிசி கழுவிய தண்ணீரில் கையை ஊறப் போடுவாள். மத்தியானம் யாரோ கற்றாழை என்று சொல்வார்கள். வேலியோரம் போய் ஒரு மடலைக் கீறி, சோற்றை வழித்துத் தேய்ப்பாள். ராத்திரி மருதாணி. சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்தண்ணீரை நல்லெண்ணெயோடு சேர்த்து வெண்ணெய் போலத் திரளும்வரை அடித்துப் போடுவார்களே, அதையும் செய்தாள். நிஜமாகவே அது கேட்டது. இரண்டு நாளில் பிளவின் ஓரம் இளகியது. மூன்றாம் நாள் அதை விட்டுவிட்டு வேப்பெண்ணெய்க்குப் போய்விட்டாள். கேட்டால், "அது மெதுவாக் கேக்குதுலே. எனக்கு நாளு இல்ல" என்றாள்.

"வேலைய விட்டுரு சித்தி. வத்தலத் தொடாம இருந்தா தானா ஆறிரும்" என்றேன்.

"விட்டுர்றேன். பிள்ளைக்குக் கொலுசும் அரைஞாணும் நீ வாங்கியாந்துரு."

பிள்ளைக்கு வெள்ளி போடுவதும் தாய்வீட்டுப் பொறுப்புதான். அப்போது நான் டவுன் காலேஜில் வேதியியல் இரண்டாம் வருஷம். எங்கள் இரண்டு குடும்பத்திலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் என் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்குத் தெரிந்தது எவ்வளவு கொஞ்சம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

லேபிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் கையுறையைக் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் சித்தி அதை மாட்டிக்கொண்டு குடோனில் உட்கார்ந்ததும் மற்ற பெண்கள் விடவில்லை.

"எந்திரிச்சு நில்லுங்கடி, ஆப்பரேசன் பண்ண டாக்டரம்மா வந்துருக்காக!"

"எனக்கு முதல்ல பாருங்க டாக்டரம்மா, எம் புருசனுக்கு வாயி மூட மாட்டேங்குது, ரெண்டு தையல் போடணும்!"

சிரிப்பு அடங்குவதற்குள் கட்டைவிரல் நகம் ரப்பரைக் கிழித்துவிட்டது. கிழிந்த ஓட்டை வழியாக வத்தல் தூள் உள்ளே போய், வியர்வையோடு சேர்ந்து எரிய, கழற்றி எறிந்தாள்.

அதன்பிறகு லெக்சரர் ஒருவரிடம் கேட்டேன். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும் என்றார். அன்று சாயங்காலம் ஓடிப்போய்ச் சித்தியிடம் சொன்னேன். நல்லெண்ணெயைத் தேய்த்து, துணியால் துடைத்து எடுக்க வேண்டும், மறுபடி தேய்த்து மறுபடி துடைக்க வேண்டும், கடைசியில் சோப்பு என்றேன். ஒருநாள் செய்தாள். விரலை நாக்கில் வைத்தாள். உறைப்புக் குறைந்திருந்தது. "படிச்ச பிள்ள படிச்ச பிள்ளதாண்டி" என்று தெருவெல்லாம் சொன்னாள். மறுநாள் அதையும் விட்டுவிட்டாள். தேன் எடுக்கப் போகும் சங்கையா ஒரு உருண்டை தேன்மெழுகு கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

மெழுகை விளக்கெண்ணெயில் போட்டு உருக்கி, பொறுக்கும் சூட்டில் பிளவுகளுக்குள் வழியவிட்டு, பழந்துணியால் கட்டிக்கொண்டு படுப்பாள். காலையில் பிளவு நிறைந்து மட்டமாகியிருக்கும். குடோனுக்குப் போய் வருவாள், ராத்திரி மறுபடி மெழுகு. இந்த ஒன்றைத்தான் அவள் விடாமல் செய்தாள். பத்து நாளில் உள்ளங்கை வழுவழுவென்று ஆகிவிட்டது. தெருவில் போகிறவர்களை நிறுத்திக் கன்னத்தில் கையை வைத்து, "கீறுதா? சொல்லு, கீறுதா?" என்று கேட்டாள். என் கன்னத்திலும் வைத்தாள்.

"நல்லாருக்கு சித்தி" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் ஆறு வருஷமாகத் திருப்பித் திருப்பி யோசிக்கிறேன். மெழுகு பிளவை மூடுமே தவிர, உள்ளே இருப்பதை எங்கே வெளியே எடுக்கும்? அதைக் கண்டுபிடிக்க வேதியியல் தேவையில்லை. ஆனால் அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது. எண்ணெய் விஷயத்தில் எனக்குக் கிடைத்த பேர் கெடாமல் இருக்க வேண்டும் என்றும் நான் நினைத்திருக்கலாம்.

பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னால் வேலையை நிறுத்துவதாகத்தான் சித்தி சொல்லிக்கொண்டிருந்தாள். கொலுசு வாங்கியாகிவிட்டது, அரைஞாணுக்கு இன்னும் கொஞ்சம் என்று ஒவ்வொரு வாரமாகத் தள்ளியது. பங்குனி நடுவில், டாக்டர் சொன்ன நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்பே சரஸ்வதிக்கு வலி வந்துவிட்டது. அதற்கு முந்திய நாள்வரை சித்தி காம்பு கிள்ளிக்கொண்டுதான் இருந்தாள். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். மூன்றாம் நாள் ஊருக்குக் கூட்டி வந்தார்கள்.

ஏழாம் நாள் முதல் எண்ணெய்க் குளியல். கனகலட்சுமி அம்மாள் கருப்பட்டியும் பூண்டும் எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸுக்கே வந்துவிட்டாள். அடுத்த வீட்டு மூக்கம்மாளும் வந்தாள். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளைக் குளிப்பாட்டியவள் அவள்தான். சித்தியைவிட ஆறேழு வயது மூத்தவள்.

"கொண்டா, நான் போட்டுக்கிர்றேன். நீ வெந்நிய விளாவு" என்றாள் மூக்கம்மாள்.

"இல்லக்கா. நீ தண்ணி மட்டும் ஊத்து."

சித்தி மணைப்பலகையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். சம்பந்தியம்மாளுக்குத் தெரியும்படி இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். விரலை நாக்கில் ஒற்றிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. மெழுகுக்கு என்ன உறைப்பு இருக்கும்? பிள்ளையை வாங்கிக் காலில் கிடத்தினாள். தேங்காய் எண்ணெயை லேசாகச் சுடவைத்து வைத்திருந்தார்கள். அதைக் கையில் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தாள். மார்பு, முதுகு, தொடை, கடைசியில் முகம். வெந்நீர்ப் பானை பக்கத்திலேயே ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நான் வாசலில் நின்றேன்.

பிள்ளை அழத் தொடங்கியது. "முத எண்ணெ, கத்தத்தான் செய்யும்" என்றாள் மூக்கம்மாள். கொஞ்ச நேரத்தில் அழுகை மாறியது. மூச்சு நின்று நின்று வந்தது. சித்தி நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன். பிள்ளையைப் பார்க்காமல் கனகலட்சுமி அம்மாளைப் பார்த்தபடி இன்னும் வேகமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூக்கம்மாள் குனிந்து, பிள்ளையின் தொடையில் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"அடிப்பாவி! உறைக்குதுடி!"

பிள்ளையைப் பறித்துக்கொண்டாள். யாரோ சொம்பில் தண்ணீர் எடுக்கப் போனார்கள். "தண்ணி ஊத்துன, கொன்னுருவேன். புது எண்ணெயும் துணியும் கொண்டா" என்று கத்தினாள். எண்ணெயைப் போட்டு ஒற்றி எடுத்தாள், மறுபடி போட்டு மறுபடி ஒற்றி எடுத்தாள். சரஸ்வதியைக் கூப்பிட்டுக் கண்ணுக்குள் தாய்ப்பாலைப் பீய்ச்சச் சொன்னாள். லெக்சரரிடம் கேட்டு நான் பெருமையாகக் கொண்டுவந்த விஷயம் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. சித்தி அவளிடம் கேட்கவே இல்லை. அடுத்த வீட்டுக்காரிதானே என்று விட்டுவிட்டாள்.

அரைமணி நேரத்தில் பிள்ளை தூங்கிவிட்டது. தொடையில் சிவப்பு சாயங்காலம்வரை இருந்தது, அப்புறம் அதுவும் மறைந்தது. சித்தி பலகையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. உள்ளங்கையில் மெழுகு உருகி, பிளவுகள் பழையபடி சிவப்பாகத் திறந்து கிடந்தன.

கனகலட்சுமி அம்மாள் சத்தம் போடவில்லை. "பிள்ளைக்கு ஒண்ணுமில்ல மதினி. மனசப் போட்டு உழப்பிக்கிறாதீக. ஆனா நாளையிலருந்து இவுக குளிப்பாட்டட்டும். இல்லன்னா சாயங்கால பஸ்ஸுக்கு நான் ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிர்றேன்" என்றாள்.

"குளிப்பாட்டட்டும்" என்றாள் சித்தி.

மூக்கம்மாள்தான் குளிப்பாட்டினாள். தினமும் விடிந்ததும் வருவாள். சித்தி வெந்நீர் போட்டுக் கொடுத்துவிட்டு, நான்கு முழம் தள்ளி நின்று பார்ப்பாள். நாற்பதாம் நாள் வந்தது. தாயைப் பெற்றவளைத் தவிர வேறொருத்தி குளிப்பாட்டினால், நாற்பதாம் நாள் அவளுக்குப் புதுச்சேலை கொடுத்துக் கும்பிட்டு அனுப்புவது எங்களில் முறை. அதோடு அந்தக் காரியம் முடிந்தது என்று அர்த்தம். அன்று குளிப்பாட்டி முடித்து மூக்கம்மாள் ஈரக் காலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சித்தி சொன்னாள்:

"சேலைய இப்பக் குடுக்க மாட்டேன்க்கா. நான் ஒரே ஒரு நாளு எம் பேத்தியக் குளிப்பாட்டிட்டு, அப்புறம் உனக்குத் தாரேன்."

"ஏண்டி, சேலைய மிச்சம் பிடிக்க இப்பிடியும் ஒரு வழியா?"

"சிரிக்காதக்கா. சத்தியமாத் தாரேன்."

"தா. எப்பத் தந்தாலும் கட்டிக்கிருவேன். ஊதாக் கலரு மட்டும் வேணாம், எனக்கு அது ஆகாது."

மூன்றாம் மாதம் திருச்சுழிக்காரர்கள் வந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிப்போனார்கள். பிரவீணா என்று பேர் வைத்தார்கள். அடுத்த வாரமே சித்தி வத்தல் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஆடு மேய்த்தாள், வேப்பமுத்துப் பொறுக்கினாள், பருத்தி எடுக்கப் போனாள். எதிலும் காலூன்றவில்லை. வைத்தியம் மட்டும் நடந்துகொண்டே இருந்தது. இந்த முறை மூக்கம்மாளே சொன்னாள்: "ஒண்ணும் போடாத. ராத்திரி நல்லெண்ணெயத் தடவிட்டு உறங்கு. அவ்வளவுதான்." அவ்வளவுதான் என்பது சித்திக்கு முடியாத காரியம். எண்ணெயைத் தடவிவிட்டு, அரைமணிக்கொரு தரம் எழுந்து விளக்கு வெளிச்சத்தில் கையைப் பார்ப்பாள். ஆனாலும் ஆறியது. இரண்டு மழைக்காலம் கழித்து, பிளவு இருந்த இடங்களில் வெள்ளைக் கோடுகள் மட்டும் இருந்தன.

1993 வைகாசியில் என்னையும் கூட்டிக்கொண்டு திருச்சுழிக்குப் போனாள். நான் பட்டம் வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கே போகச் சொன்னாலும் போகிற நிலைமை. வீட்டுக்குள் நுழைந்ததும் கனகலட்சுமி அம்மாளிடம் கையை நீட்டினாள். அந்த அம்மாள் இரண்டு கையையும் வாங்கித் தடவிப் பார்த்து, "அட, எங்கையவிட நல்லாருக்கே மதினி" என்றாள். அதில் கள்ளம் ஒன்றும் இல்லை.

"இன்னைக்குப் பிள்ளைய நான் குளிப்பாட்டட்டுமா?"

"உங்க பேத்தி. கேக்கணுமா?"

சித்தி கொல்லையில் பலகையைப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். மூன்று வயதுப் பிரவீணா வந்து எதிரே நின்று, அந்த நீட்டிய கால்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"எதுக்கு அம்மாச்சி ரோட்ட மறிச்சு உக்காந்துருக்க?"

"வாடி ராசாத்தி, அம்மாச்சி கால்ல படுத்துக்க. குளிப்பாட்டி விடுறேன்."

"அது பாப்பாவுக்கு. நானே ஊத்திக்கிருவேன்."

வாளிக்குள் சொம்பை விட்டுத் தலையில் தானே ஊற்றிக்கொண்டாள். பாதித் தண்ணீர் சித்தி மேல் விழுந்தது. சரஸ்வதி, "ஏ பிள்ள, அம்மாச்சிட்டக் குளிச்சுக்கடி" என்று அதட்டியதும் பிள்ளை வீறிட்டது. அந்த அழுகையைக் கேட்டதும் சித்தி சட்டென்று எழுந்துவிட்டாள்.

"அவள ஒண்ணும் சொல்லாத. விடு. அடுத்த தடவ பாத்துக்கிருவோம்."

அடுத்த தடவை பிள்ளைக்குச் சளி. அதற்கடுத்த தடவை அவர்கள் கோயிலுக்குப் போயிருந்தார்கள். இன்னொரு தடவை போனபோது பிள்ளை பள்ளிக்கூடம் போய்விட்டது, கடைசி பஸ்ஸுக்குள் திரும்ப வேண்டியிருந்தது. ஒருநாள் ராத்திரி தங்கினால் காரியம் நடந்திருக்கும். சித்தி எங்கேயும் தங்கமாட்டாள். ஆடு என்பாள், சித்தப்பா என்பாள். எழுந்து நடக்கத்தான் அவளுக்குத் தெரியும்.

1995 ஐப்பசியில் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் கஷாயம் குடித்தாள், நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், ஆறாம் நாள் போய்விட்டாள். நாற்பத்தாறு வயது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, சரஸ்வதி ஒரு பச்சைச் சேலையைத் தட்டில் வைத்து வெற்றிலை பாக்கோடு எடுத்துக்கொண்டு மூக்கம்மாள் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். மூக்கம்மாள் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். தட்டைப் பார்த்ததும் சுளகைக் கீழே வைத்தாள்.

"எதுக்குத்தா இது?"

"அம்மா தரவேண்டியது பெரியம்மா. என் பிள்ளையக் குளிப்பாட்டுனதுக்கு."

மூக்கம்மாள் சேலையின் ஓரத்தை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள். நல்ல சேலைதான் என்றாள். தட்டை எடுத்துச் சரஸ்வதியின் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"உங்கம்மா என்ன சொன்னா? ஒரு நாளு குளிப்பாட்டிட்டுத் தாரேன்னா. குளிப்பாட்டுனாளா?"

"இல்ல."

"அப்ப நான் எப்பிடித்தா வாங்குவேன்?"

சரஸ்வதி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நானும் சொன்னேன். படித்தவன் என்ற உரிமையில் நியாயமெல்லாம் பேசினேன். மூக்கம்மாள் மறுபடி சுளகைக் கையில் எடுத்துவிட்டாள். மூன்று மணி பஸ்ஸுக்குச் சரஸ்வதி அந்தச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு திருச்சுழிக்குப் போனாள்.